விழித்திரையில் புளிப்பின் வேலை: நரம்பு செல்களின் பேச்சை அமிலத்தன்மை மாற்றுவது எப்படி? படிப்படியாக ஒரு வழிகாட்டி

ஒரே சாம்பல் நிற அட்டையிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் இன்னொன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் வையுங்கள். வெள்ளைத் தாளில் இருப்பது கொஞ்சம் மங்கித் தெரியும், கறுப்பில் இருப்பது வெளுத்துத் தெரியும். அட்டை ஒன்றேதான். இந்த ஏமாற்றில் மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் "சுற்றிலும் என்ன வெளிச்சம்?" என்று கேட்டு அதைக் கழித்துக்கொள்ளும் கணக்கு கண்ணுக்குள்ளேயே, விழித்திரையின் முதல் இணைப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அந்தச் சேதியைச் சுமந்து செல்வது எது என்று பல ஆண்டுகள் தேடியவர்களுக்குக் கிடைத்த விடைகளில் முக்கியமானது புரோட்டான். எலுமிச்சையையும் புளியையும் புளிக்க வைக்கிற அதே ஹைட்ரஜன் அயனி.

பிளஸ் டூ உயிரியல் நினைவில் இருந்தால் இதைப் படிக்கப் போதும். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். நடுவில் அம்புக்குறி போட வேண்டிய இடம் ஒன்று வரும், அதை மனக்கணக்காகச் செய்தால் கட்டாயம் தப்பும்.

படி 1: பிஎச் எண்ணை நம்பாதீர்கள், மாற்றிப் பாருங்கள்

பிஎச் அளவுகோலை 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கினார். ஆமாம், பீர் காய்ச்சும் அதே கார்ல்ஸ்பெர்க். அது மடக்கை அளவு என்பதால் கண்ணைக் கட்டிவிடும். பிஎச் 7.4 என்றால் லிட்டருக்கு 40 நானோமோல் புரோட்டான். 7.2 என்றால் 63. 7.0 என்றால் 100. "0.2 தானே இறங்கியிருக்கிறது" என்று சொல்லும்போது புரோட்டான் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. விழித்திரையில் நாம் பேசப்போகும் மாற்றங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு எண்கள்தான்.

இதோடு தாங்கல் கரைசல் என்ற கருத்தும் வேண்டும். உடல் திரவங்களில் தனியாக அலையும் புரோட்டான் மிகக் குறைவு. பெரும்பகுதி ஏதாவது ஒரு மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்ணில் முக்கியமான தாங்கல் பைகார்பனேட். அது ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அந்தச் சோடா உப்பில் இருப்பதுதான். புளித்த மாவில் அதைப் போட்டால் நுரைத்து வாயு கிளம்பும், புளிப்பு தணியும். கண்ணிலும் அதே வேதியியல்: பைகார்பனேட்டும் புரோட்டானும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதை வேகப்படுத்துகிறது.

படி 2: இருட்டில்தான் பேச்சு

விழித்திரையைப் படிக்கிறவர்கள் முதலில் வழுக்கும் இடம் இது. வெளிச்சம் பட்டால் ஒளியுணர் செல் துள்ளி எழும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. முழு இருட்டில் கூம்பு செல்லின் உள் மின்னழுத்தம் ஏறக்குறைய மைனஸ் 40 மில்லிவோல்ட். அந்த நிலையில் அது குளூட்டமேட் என்ற வேதித்தூதை ஓயாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் மின்னழுத்தம் மைனஸ் 60 பக்கம் இறங்கும், குளூட்டமேட் குறையும். ஆக வெளிச்சம் என்பது இங்கே பேச்சைக் குறைப்பது. இதை ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இணைப்பின் வடிவத்தை வரையுங்கள்

கூம்பு செல்லின் அடி நுனி ஒரு தடித்த பாதம் மாதிரி இருக்கும். அந்தப் பாதத்தின் அடியில் உள்நோக்கிக் குழிந்த பைகள் உண்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் மூன்று நுனிகள் நுழைந்திருக்கும்: நடுவில் இருமுனை செல்லின் (கூம்பின் சேதியை வாங்கி அடுத்த அடுக்குக்குக் கடத்தும் செல்) நுனி, இரு பக்கத்திலும் கிடைமட்ட செல்களின் (இவற்றைப் படி 6-இல் பார்ப்போம்) நுனிகள். அவற்றுக்கு நேர் மேலே, கூம்பு செல்லுக்குள், நாடா போன்ற ஒரு தகடு நிற்கும். குளூட்டமேட் நிரம்பிய நுண்பைகள் அதில் வரிசைகட்டிக் காத்திருக்கும். நாடாவின் அடிவாரத்தில்தான் கால்சியம் வாயில்கள்.

இந்த வடிவத்தை வரையாமல் மேலே போகாதீர்கள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மீட்டரில் நூறு கோடியில் சில பத்துப் பங்குதான். அதுவும் குழிக்குள் மடங்கிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட மூடிய சந்தில் கொஞ்சம் புரோட்டான் சேர்ந்தாலும் உடனே வெளியே பரவிப் போய்விடாது. திறந்த வெளியில் கரைந்துபோகிற சேதி, சந்துக்குள் காதில் விழும்.

படி 4: புரோட்டான் பிடிக்கும் இடம், கால்சியம் வாயில்

குளூட்டமேட் வெளிவர கால்சியம் உள்ளே வர வேண்டும். ஒளியுணர் செல்களில் அதற்கான முக்கிய வாயில் சிஏவி 1.4 என்ற வகை. அதன் மரபணுவில் பிழை இருந்தால் பிறவியிலேயே மாலைக்கண் போன்ற ஒரு குறை வரும் என்று 1998-இல் தெரிந்தது. அந்த ஒரு வாயில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும்.

புறத்தில் அமிலம் கூடினால் இந்த வாயிலுக்கு இரண்டு விதமான தொல்லை. ஒன்று, செல் சவ்வின் வெளிப்பரப்பில் எதிர் மின்னூட்டங்கள் உண்டு. புரோட்டான்கள் போய் அவற்றில் ஒட்டிக்கொண்டால் வாயிலின் மின்னுணர்வுப் பகுதிக்குச் சவ்வு மேலும் எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டது போலத் தோன்றும். அதே அளவு திறக்க இன்னும் கொஞ்சம் அதிக மின்னழுத்தம் தேவைப்படும். இரண்டு, வாயிலின் துளைக்குள் நான்கு குளூட்டமேட் அமினோ அமிலங்கள் வட்டமாக நின்று கால்சியத்தைப் பிடித்து அனுப்புகின்றன. (தூதாக வெளிவரும் குளூட்டமேட்டும் இதே மூலக்கூறுதான். இயற்கை சிக்கனக்காரி.) புரோட்டான் அங்கே போய் உட்கார்ந்தால் கால்சியம் போகும் வேகம் குறையும். காரத்தன்மை கூடினால் இரண்டும் எதிர்த்திசையில் நடக்கும்.

நகர்வு என்னவோ சில மில்லிவோல்ட்தான். அப்புறம் ஏன் இத்தனை பேச்சு? கூம்பு செல் வேலை செய்யும் மின்னழுத்தத்தில் இந்த வாயில்கள் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. மின்னழுத்தம் ஏற ஏற எத்தனை வாயில் திறக்கிறது என்று வரைந்தால் கிடைக்கும் திறப்பு வளைகோட்டின் அடிவாரத்தில் அது நிற்கிறது. அங்கே கோடு அடுக்கேற்றமாக ஏறும். ஒரு கணக்குப் போடுங்கள்: வளைகோட்டின் சரிவு எண் (அடிவாரத்தில் திறப்பு ஏறக்குறைய 2.7 மடங்காகத் தேவையான மின்னழுத்த ஏற்றம்) 6 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வளைகோடு வலப்பக்கம் வெறும் 2 மில்லிவோல்ட் நகர்ந்தால், திறந்திருக்கும் வாயில்கள் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுவதிலும் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். வளைகோட்டின் உச்சியில் நின்றிருந்தால் அதே 2 மில்லிவோல்ட்டை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஸ்டீவன் பார்ன்ஸ் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் இதைத்தான் அளந்து காட்டினார்கள். முதலில் கூம்பு செல்களின் கால்சியம் மின்னோட்டம் பிஎச்சால் எப்படி மாறுகிறது என்று 1991-இல். பிறகு 1993-இல், ஒளியுணர் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் சேதியின் பெருக்கமே புரோட்டானால் கூடிக் குறைகிறது என்று.

இப்போது இரண்டாவது வரியை எழுதுங்கள்: இடைவெளியில் அமிலம் கூடினால் குளூட்டமேட் குறையும், காரம் கூடினால் குளூட்டமேட் கூடும்.

படி 5: முதல் ஊற்று, நுண்பைகள்

புரோட்டான் எங்கிருந்து வருகிறது? நுண்பைக்குள் குளூட்டமேட்டை நிரப்ப, ஒரு பம்பு ஏ.டி.பி.யைச் செலவழித்துப் புரோட்டான்களை உள்ளே ஏற்றுகிறது. அதனால் நுண்பையின் உள்ளே பிஎச் 5.5-ஐ ஒட்டி இருக்கும், வெளியைவிட ஏறக்குறைய 80 மடங்கு புளிப்பு. நுண்பை வெடித்துத் திறந்தால் குளூட்டமேட்டோடு அந்தப் புளிப்பும் சந்துக்குள் கொட்டும். கொட்டிய இடம் கால்சியம் வாயிலுக்கு மிக அருகில்.

இங்கே ஒரு வேடிக்கைக் கணக்கு. 40 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு நுண்பையில், பிஎச் 5.5-இல், தனியாக அலையும் புரோட்டான் எத்தனை? கொள்ளளவையும் செறிவையும் அவகாட்ரோ எண்ணையும் பெருக்கினால் 0.06 வருகிறது. ஒன்றுகூட இல்லை! 16 நுண்பையில் ஒன்று என்ற கணக்கு. அப்படியானால் புளிப்பைச் சுமப்பது அலையும் புரோட்டான் அல்ல, உள்ளே இருக்கிற மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் புரோட்டான்கள். வெளியே வந்ததும் பிஎச் உயர்ந்த இடம் என்பதால் அவை கழன்று விழுகின்றன. தாங்கலைப் பற்றி முதல் படியிலேயே சொன்னது இதற்காகத்தான்.

ஸ்டீவன் டிவ்ரீஸ் 2001-இல் தரை அணிலின் கூம்பு செல்களில் இதைப் பிடித்தார். கால்சியம் மின்னோட்டம் தொடங்கி, நுண்பைகள் வெடித்த உடனே, மின்னோட்டத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. வெளிக் கரைசலில் தாங்கலை வலுவாக்கினால் பள்ளம் குறைந்தது. செல் தன் பேச்சாலேயே தன் வாயைக் கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 6: இரண்டாவது ஊற்று, கிடைமட்ட செல். இங்கே பென்சில் எடுங்கள்

கூம்பு செல்களுக்குக் குறுக்கே கைகளை நீட்டிப் பரந்து கிடப்பவை கிடைமட்ட செல்கள். அவை ஒன்றோடொன்றும் இணைந்திருப்பதால், ஒரு பெரிய வட்டாரத்தின் சராசரி வெளிச்சம் அவற்றுக்குத் தெரியும். அவை கூம்பு செல்லுக்கே திரும்பச் சேதி அனுப்புகின்றன என்று பேலர், ஃபுவோர்ட்டஸ், ஓபிரையன் மூவரும் ஆமையின் விழித்திரையில் 1971-இல் காட்டினார்கள். எப்படி அனுப்புகின்றன என்பதுதான் தகராறு. முதலில் எல்லாரும் காபாவைச் சந்தேகித்தார்கள், அது கிடைமட்ட செல்களில் இருக்கிற தடுப்புத் தூது. ஆனால் பல உயிரினங்களில் காபாவின் ஏற்பிகளை அடைத்த பிறகும் பின்னூட்டம் நின்றபாடில்லை.

சரி, புரோட்டான்தான் சேதி என்று வைத்துக்கொண்டு அம்பு போடுவோம். நடுவில் ஒரு கூம்பு செல், அதைச் சுற்றி மட்டும் வெளிச்சம்.

சுற்றியுள்ள கூம்பு செல்கள் வெளிச்சத்தால் மின்னழுத்தம் இறங்குகின்றன. அவற்றின் குளூட்டமேட் குறைகிறது. குளூட்டமேட்டால் தூண்டப்பட்டுக்கொண்டிருந்த கிடைமட்ட செல்லும் இறங்குகிறது. அது இறங்கினால் நடுக் கூம்பின் சந்தில் அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் நடுக் கூம்பின் கால்சியம் வாயில்கள் எளிதாகத் திறக்கும். நடுக் கூம்பின் குளூட்டமேட் கூடுகிறது.

குளூட்டமேட் கூடுவது என்பது இருட்டின் அடையாளம், படி 2 ஞாபகம் இருக்கட்டும். ஆக, சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் நடுக் கூம்பு "இங்கே இருட்டு" என்கிற பக்கமாகச் சாய்ந்து பேசுகிறது. வெள்ளைத் தாளில் வைத்த சாம்பல் சதுரம் மங்கியது நினைவிருக்கிறதா? அதே திசை. சுற்றிலும் இருட்டு என்றால் எல்லா அம்பையும் திருப்புங்கள்: கிடைமட்ட செல் ஏறும், சந்து புளிக்கும், நடுக் கூம்பின் குளூட்டமேட் குறையும், அது வெளிச்சம் போலத் தெரியும்.

அம்புகளில் ஒன்றுகூடத் தலைகீழாகக் கூடாது. ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலும் படி 2-இல் கோட்டை விட்டிருப்பீர்கள்.

படி 7: நிரூபிப்பது எப்படி, ஹெப்பெஸ் சோதனையும் அதன் பள்ளங்களும்

புரோட்டானைத் தடுக்க மருந்து கிடையாது. ஏற்பியை அடைத்துவிட்டு "போச்சா பார்" என்று கேட்க முடியாது. அதனால் சோதனை வேறு வழியில் போகிறது: பிஎச்சை மாற்றாமல், பிஎச் மாறுவதை மட்டும் தடுப்பது. இதற்குக் கையில் எடுப்பது ஹெப்பெஸ் என்ற தாங்கல். பிஎச் 7.5 பக்கத்தில்தான் அதற்குப் பிடிமானம் அதிகம், கண்ணுக்குத் தோதான எல்லை. விழித்திரையை ஊறவைத்திருக்கும் கரைசலில் வழக்கமாக 10, 20 மில்லிமோலார் சேர்ப்பார்கள். சந்தில் புரோட்டான் வந்தாலும் ஹெப்பெஸ் அதை விழுங்கிவிடும். பின்னூட்டமும் மறைந்தால் புரோட்டான் மேல் சந்தேகம் வலுக்கும். ஹிராசாவா, கனெகோ இருவரும் 2003-இல் நியூட் என்ற, பல்லி போலத் தோன்றும் நீர்நில வாழ்வியின் விழித்திரையில் இப்படிச் செய்து, கிடைமட்ட செல்லின் பின்னூட்டம் பிஎச் மாற்றத்தின் வழியாகவே போகிறது என்று முன்வைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வரிக்குதிரை மீனிலும் இதே முடிவு வந்தது.

சோதனையைச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஹெப்பெஸ் சேர்த்ததும் கரைசல் அமிலமாகும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மறுபடி 7.4-க்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. வாயுவை நிறுத்திவிட்டுச் சரிசெய்தால் திறந்தவுடன் எண் மாறிவிடும். அப்புறம், சேர்த்த பொருளால் கரைசலின் ஊடுகலப்பு அழுத்தம் ஏறும், உப்பைக் குறைத்து ஈடுகட்ட வேண்டும். இவை சமையலறைக் கவனங்கள்தான்.

பெரிய பள்ளம் வேறு. பைகார்பனேட்டை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஹெப்பெஸை வைத்தால், செல்லின் உள்ளே இருக்கும் பிஎச்சும் மாறும். கிடைமட்ட செல்களை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பு வாயில்கள் உள் அமிலத்தால் மூடிக்கொள்ளும் குணம் உள்ளவை. அப்போது பின்னூட்டம் மறைந்ததற்குக் காரணம் சந்தில் புரோட்டான் போனதா, அல்லது கிடைமட்ட செல்லே வேறு விதமாகக் கெட்டுப்போனதா? மார்ட்டன் காமர்மான்ஸ் குழுவினர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர்கள் 2001-லேயே வேறு ஒரு வழியை முன்வைத்திருந்தார்கள்: கிடைமட்ட செல் நுனியில் திறந்திருக்கும் 'பாதி வாயில்கள்' (இணைப்பு வாயிலின் ஒரு பக்கப் பாதி) வழியே மின்னோட்டம் பாய்ந்து, சந்தின் மின்னழுத்தத்தையே உள்ளூரில் மாற்றிவிடுகிறது, வேதித்தூதே தேவையில்லை என்று. கால்சியம் வாயிலுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: வளைகோடு நகரும். அதனால்தான் இந்தச் சண்டை இத்தனை நாள் ஓடியது.

படி 8: நேரில் பார்ப்பது

தாங்கலைச் சேர்த்துப் பார்ப்பது மறைமுகச் சாட்சி. கண்ணால் கண்ட சாட்சி 2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரிச்சர்ட் கிரேமர் குழுவிடமிருந்து வந்தது. பிஎச் மாறினால் ஒளிர்வு மாறும் ஒரு புரதத்தை எடுத்து, கால்சியம் வாயிலின் புறப்பகுதியிலேயே மரபணு முறையில் தைத்துவிட்டார்கள். வரிக்குதிரை மீனின் கூம்பு செல்கள் அதைத் தாங்களே உருவாக்கிக்கொண்டன. எந்த இடத்தில் புரோட்டான் வேலை செய்கிறதோ அதே இடத்தில் அளவி. கிடைமட்ட செல்லின் மின்னழுத்தத்தை ஏற்றினால் அந்த இடம் அமிலமானது, வெளிச்சம் காட்டிக் கிடைமட்ட செல்லை இறக்கினால் காரமானது. படி 6-இல் போட்ட அம்புகளின் திசை அப்படியே.

படி 9: கிடைமட்ட செல் புளிப்பை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது?

இந்தப் படியில் முடிந்த முடிவு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பல பொறிமுறைகள் போட்டியில் உள்ளன, உயிரினத்துக்கு உயிரினம் பங்கு மாறவும் கூடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, பழைய சந்தேகக் குற்றவாளி காபா பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வரும் கதை. பாலூட்டிகளின் விழித்திரையை வைத்து 2019-இல் வந்த ஆய்வு அது. கிடைமட்ட செல் வெளியிடும் காபா கூம்பு செல்லுக்குப் போய்ச் சேதி சொல்வதில்லை. அது கிடைமட்ட செல்லின் மேலேயே இருக்கும் காபா ஏற்பிகளைத் திறக்கிறது. அந்த ஏற்பிகள் குளோரைடை மட்டுமல்ல, பைகார்பனேட்டையும் விடும். செல்லின் மின்னழுத்தம் இறங்கினால் எதிர் மின்னூட்டமுள்ள பைகார்பனேட் அதிகமாகச் சந்துக்கு வெளியேறும், புளிப்பு தணியும். மின்னழுத்தம் ஏறினால் அந்த வரத்து குறையும், சந்து புளிப்பாகவே இருக்கும். காபா வாயிலைத் திறந்து வைக்கிறது, மின்னழுத்தம் சோடா உப்பை அளந்து போடுகிறது.

இன்னொரு வழி காமர்மான்ஸ் குழு 2014-இல் சொன்னது: கிடைமட்ட செல்லிலிருந்து பானெக்சின் வாயில் வழியே ஏ.டி.பி. கசிகிறது, வெளியே நொதிகள் அதை உடைக்கின்றன, பாஸ்பேட்டும் புரோட்டானும் மிஞ்சிச் சந்தின் பிஎச்சைப் பிடித்து வைக்கின்றன. அவர்கள் கணக்கில் பின்னூட்டத்துக்கு வேகமான மின் பகுதி ஒன்று, மெதுவான பிஎச் பகுதி ஒன்று. இவை தவிர சோடியமும் புரோட்டானும் இடம் மாற்றிக்கொள்ளும் கடத்திப் புரதங்கள் மீதும் சந்தேகம் உண்டு.

படி 10: சந்துக்கு வெளியே, மெதுவாக மாறும் குளம்

இதுவரை பார்த்தது மில்லிவினாடி, வினாடி விவகாரம். அதற்கு அடியில் இன்னொரு புளிப்பு மெதுவாக ஏறி இறங்குகிறது. விழித்திரை, ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலம் செய்துகொண்டே இருக்கும் விநோதமான திசு. ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கவனித்தார். தயிரைப் புளிக்க வைப்பதும் லாக்டிக் அமிலம்தான். இருட்டில் ஒளியுணர் செல்களுக்குள் சோடியம் விடாமல் நுழைவதால், அதை வெளியேற்றும் பம்புகளுக்குச் செலவு அதிகம். அதனால் இருட்டில் வெளி விழித்திரை அதிகம் புளிக்கும், வெளிச்சத்தில் தணியும். தவளை, தேரை, பூனை என்று பலவற்றில் நுண் மின்முனை செருகி இதை அளந்திருக்கிறார்கள்.

டிமிட்ரியேவ், மாங்கெல் இருவரும் மீனிலும் முயலிலும் இன்னொன்றைக் கண்டார்கள்: வெளிச்சத்தை மாற்றாமல் இருட்டிலேயே வைத்திருந்தாலும், இரவு நேரத்தில் விழித்திரையின் பிஎச் பகலைவிடக் குறைவு. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரண்டாவது வரியைப் பொருத்திப் பாருங்கள். குளூட்டமேட் கொட்டித் தீர்க்கக்கூடிய இரவு நேரத்தில் புளிப்பு ஏறி கால்சியம் வாயில்களுக்கு ஒரு பிரேக் விழுகிறது.

படி 11: உள் அடுக்கு

சுருக்கமாக முடித்துவிடலாம். இருமுனை செல்லின் முனையிலும் நாடா இணைப்பு உண்டு, நுண்பைப் புளிப்பு அங்கேயும் கால்சியம் மின்னோட்டத்தைக் கணநேரம் குறைக்கிறது. தங்கமீனின் பெரிய இருமுனை முனைகளில் ஹென்ரிக் ஃபான் கெர்ஸ்டார்ஃப் குழுவினர் 2003-இல் இதை அளந்தார்கள். அதற்கு அடுத்த, மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்புமுடிச்சு செல்களில் என்எம்டிஏ வகைக் குளூட்டமேட் ஏற்பிகள் உண்டு. அவை சாதாரண உடல் பிஎச்சிலேயே புரோட்டானால் கணிசமாக அடக்கப்பட்டவை. ஆக அங்கே அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டிலும் புளிப்பு கை வைக்கிறது. அமிலத்தால் மூடாமல் திறக்கிற அயனி வாயில்களும் விழித்திரையில் உண்டு. "அமிலம் என்றால் தடுப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 12: ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுக்கும்போது

முதலில் செய்முறைப் பகுதிக்குப் போய் ஊறவைத்த கரைசல் எது என்று பாருங்கள். பைகார்பனேட் இல்லாமல் வெறும் ஹெப்பெஸில் செய்த பதிவு என்றால், சந்தின் பிஎச் சேதி ஏற்கெனவே அமுக்கப்பட்டிருக்கும். அதில் "பின்னூட்டம் காணவில்லை" என்று எழுதியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடுத்து உயிரினம்: மீனா, நீர்நில வாழ்வியா, பாலூட்டியா? பிறகு, தனியாகப் பிரித்தெடுத்த செல்லா, முழு விழித்திரையா? தனிச் செல்லில் குழியும் சந்தும் கலைந்துபோயிருக்கும், புரோட்டான் தேங்க இடமே இருக்காது. கடைசியாக, பிஎச் அளவி எங்கே இருந்தது? கண்ணாடி மின்முனையின் நுனி சந்துக்குள் நுழையாது. அது காட்டுவது படி 10-இன் குளத்தை, படி 6-இன் சந்தை அல்ல. நீரிழிவு வந்த எலிகளின் விழித்திரை ஆரம்பத்திலேயே புளித்துப்போகிறது என்று மின்முனையால் அளந்து சொல்லும் ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதையே கேளுங்கள்: குளம் புளித்தது தெரிகிறது, சந்துக்குள் கால்சியம் வாயில் எந்தப் பிஎச்சைப் பார்த்தது?